காமன் பொட்டலும் கூட்டு வாழ்வும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

மலையகத் தோட்ட மக்களைப் பற்றி எழுதப்பெற்ற கட்டுரைகளில் ‘ஒற்றுமை’ என்னும் சொல் பயின்றுவரும் அளவுக்கு அதன் பொருள் ஆராயப்பெற்றதில்லை. தோட்டமே ஒரு குடும்பம் என்பாரும், வேறு போக்கிடமின்றி ஓரிடத்தில் அடைக்கப்பட்டோரின் நெருக்கத்தை ஒற்றுமை என்று மயங்குதல் கூடாது என்பாரும் என இரு திறத்தார் உளர். முன்னவர் பெரும்பாலும் விழாக் காலத்தில் தோட்டத்துக்குச் சென்று திரும்பியவர்கள். பின்னவர் தொழில் ஆணையாளர் அறிக்கைகளையும் பொருளியல் நூல்களையும் கற்றவர்கள். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் அம்மக்கள் தமது கூட்டு வாழ்வைத் தாமே எவ்வாறு வடிவமைத்துக் காட்டுகின்றனர் என்பதை இருவருமே நோக்கவில்லை. அதனை நோக்குதற்கு உகந்த சான்று, பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை முதலாய ஊவாப் பகுதித் தோட்டங்களிலும் பிற மலையகத் தோட்டங்களிலும் மாசி மாதத்தில் நிகழ்ந்துவரும் காமன் கூத்தாகும்.

மலையகத்தில் வழங்கும் பெருங்கூத்துகள் மூன்று: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். ஏனைய இரண்டும் ஓரிரவில் அல்லது சில இரவுகளில் ஆடி முடிக்கப்படுவன. காமன் கூத்தோ மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுவதில் தொடங்கிப் பௌர்ணமியிலும் அதற்கடுத்த நாட்களிலும் நிறைவுறுவது. ஏறத்தாழ இரு வாரங்களுக்கு மேல் ஒரு தோட்டம் முழுவதையும் தன்னகத்தே ஈர்த்துக்கொள்ளும் கலைவடிவம் மலையகத்தில் இதனையன்றிப் பிறிதில்லை எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தோர் தம்முடன் கொணர்ந்த செல்வங்களுள் இது தலையாயது. மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழி நடந்து வந்தவர்களிடம் சுமந்து செல்லத்தக்க பொருள் அதிகம் இருந்திருக்க முடியாது. நெஞ்சிற் சுமந்து வந்தது கூத்து.

ஊவாவில் மாசி என்பது வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, பனி மாத்திரம் எஞ்சியிருக்கும் காலம். இலங்கைத் தேயிலைக்குப் பெயர் பெற்றுத்தந்த ஊவாவின் தனி மணம் ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வறட்காற்றால் உண்டாவது. அப்பருவம் இன்னும் நெடுந்தொலைவிலுள்ளது. இந்த இடைவெளியிலே லயங்களுக்கு அருகிலோ கோயிலுக்கு முன்பாகவோ உள்ள ஒரு மேட்டுவெளி செதுக்கித் துப்புரவாக்கப்படும். அதற்குக் காமன் பொட்டல் என்று பெயர். ஏனைய நாட்களில் பிள்ளைகள் பந்தடிக்கும் இடமும் அதுவே. கரும்பு, ஆமணக்கு, வைக்கோற்பிரி, மாவிலை எனத் தோட்டத்துக்குத் தோட்டம் சிறிது வேறுபடும் பொருள்களைக் கொண்டு கம்பம் அமைத்து ஊன்றுவர். அன்று முதல் தப்பு ஒலிக்கும். கூத்தில் வேடமேற்போர் நேர்த்தி வைத்து, நோன்பிருந்து, பகலிலே மலையில் வேலை செய்து, இரவிலே பொட்டலில் ஆடுவர். ரதி, மன்மதன், இந்திரன், தூதன், குறவன், குறத்தி, வீரபத்திரன், எமன், சிவன் என வேடங்கள் விரியும். ரதியும் மதனும் லயம் லயமாக, வாசல் வாசலாகச் சென்று ஆடுவர். ஒவ்வொரு வாசலிலும் ஆரத்தி எடுக்கப்படும், இயன்றது கொடுக்கப்படும்.

இக்கூத்தினை யார் தயாரிக்கிறார் என்று வினவினால், நாடகத்துறையார் வழங்கும் பொருளில் ஒருவரைச் சுட்டுதல் இயலாது. பாடல்களை அறிந்து பழக்குபவர் காமன் மாஸ்டர் எனப்படுவார். அவர் கொழுந்து நிறுப்பவராகவோ கவ்வாத்து வெட்டுபவராகவோ இருப்பார். அவருடைய அதிகாரம் பொட்டலில் மாத்திரம் செல்லும். ஒப்பனைக்கு ஒருவர், முடி கட்டுதற்கு ஒருவர், பந்தத்துக்கு எண்ணெய் சேர்ப்பவர், இடையிடையே தேநீர் காய்ச்சுபவர், ஆடி மயங்கி விழுந்தவரைத் தாங்குபவர் என வேலை தானாகவே பங்கிடப்படுகிறது. பாடல் மறந்து ஆட்டக்காரர் தடுமாறும்போது சுற்றிநிற்கும் கூட்டத்திலிருந்து அடியெடுத்துக் கொடுக்கும் குரல் எழும். பார்ப்போர்க்கும் ஆடுவோர்க்கும் இடையே வரையறுத்த கோடு எதுவுமில்லை. பொட்டலுக்கு வேலியில்லை, அனுமதிச் சீட்டில்லை, அயல் தோட்டத்தாரும் தெரியாத விருந்தினரும் வந்து நிற்கலாம். வந்தவரை எவர் என்று வினவுமுன் நிற்க இடம் விட்டுக்கொடுத்தல் பொட்டலின் எழுதாத விதியாகும்.

கதையின் அமைப்பும் ஈண்டு கருதத்தக்கது. சூரபன்மனால் துன்புற்ற தேவர்கள், தவத்திலிருக்கும் சிவனது தவத்தைக் கலைக்குமாறு மன்மதனை ஏவுகின்றனர். ரதி தடுக்கிறாள். மன்மதன் மேலோர் ஏவலை மீற இயலாதவனாய்ச் சென்று நெற்றிக்கண்ணால் எரிகிறான். ஏவியோர் எரியவில்லை, ஏவலாள் எரிந்தான். ரதி அழுது முறையிட, அவள் கண்ணுக்கு மாத்திரம் புலனாகுமாறு மன்மதன் உயிர்ப்பிக்கப்படுகிறான். புராணத்தில் இதன் நடுவிடம் சிவனது தவமும் அருளுமாகும். பொட்டலிலோ நடுவிடம் ரதியும் மதனும் புரியும் வாதத்துக்கும், எரிந்த பின் ரதி புலம்பும் புலம்பலுக்கும் பெயர்ந்துவிடுகிறது. ‘போகாதே’ என்னும் மனைவியையும், ‘போகாதிருக்க முடியாது’ என்னும் கணவனையும் விடியும்வரை நின்று கேட்கும் மக்கள், துரையின் ஏவலுக்கும் கங்காணியின் ஏவலுக்கும் தலைமுறை தலைமுறையாக உட்பட்டவர்கள் என்பதை மறந்து இக்கூத்தினை விளக்குதல் சாலாது. அதற்காகக் கூத்து முழுவதையும் வர்க்கப் போராட்டத்தின் குறியீடென்று வலிந்து பொருள் கொள்வதும் தகாது. நேர்த்தி வைத்து ஆடுபவனுக்கு அது முதற்கண் தெய்வ காரியம். பிள்ளைப்பேறு, நோய் நீக்கம், மழை என்பவற்றை வேண்டியே அவன் கால்கட்டி ஆடுகிறான். இவ்விரு பொருளும் ஒன்றையொன்று விலக்காமல் ஒரே பொட்டலில் நிற்றலே இக்கலையின் வளம்.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் முதல் திறத்தார் கூறும் ‘தோட்டமே குடும்பம்’ என்னும் முடிவுக்கே வந்து சேரலாம். ஆனால் பொட்டலிலேயே, கண் முன்னே, அம்முடிவை மறுக்கும் ஒரு பொருள் உண்டு. அது தப்பு.

காமன் கூத்தின் உயிர் தப்பொலியிலே உள்ளது. அடி மாறினால் ஆட்டம் மாறும். வீரபத்திரனுக்கும் எமனுக்கும் உரிய அடி தொடங்கியதும் ஆட்டக்காரர்க்கு அருள் ஏறுகிறது என்பர். இத்தகைய கருவியை இசைப்பவர் யார்? தோட்டத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள். கங்காணிமார் தத்தம் ஊரிலும் உறவிலும் ஆள்கட்டிக்கொண்டு வந்தமையால், சாதியும் அவர்களுடனேயே கப்பலேறியது. லயங்கள் சாதி நோக்கிப் பிரிக்கப்பட்டன. துரைமாரும் நிருவாக வசதிக்காக அதனை ஏற்றுக்கொண்டனர். தப்பு அதிகாலையில் பிரட்டுக்கு ஆளழைத்தது. சாவு வீட்டில் ஒலித்தது. மாரியம்மன் திருவிழாவில் ஒலித்தது. மாசியில் காமன் பொட்டலில் ஒலித்தது. ஒரு சமூகத்தின் உழைப்பு, இழப்பு, வழிபாடு, கலை என்னும் நான்கையும் ஒரே கருவி ஒன்று கூட்டியது. அக்கருவியைக் கையில் ஏந்தியவனோ கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். இதனைக் குறிக்காமல் காமன் கூத்தின் ‘அனைவரையும் அணைக்கும் பண்பு’ குறித்து எழுதப்பெறும் எந்த ஆய்வும் பாதி ஆய்வேயாகும். காலப்போக்கில், குறிப்பாகத் தொழிற்சங்கங்கள் வேரூன்றிய பின்னர், சாதியின் இறுக்கம் தோட்டங்களிற் பெரிதும் தளர்ந்தது என்பது உண்மை. பிரட்டிலும் மலையிலும் பீலிக்கரையிலும் தளர்ந்தது. திருமணத்தில் அவ்வளவாகத் தளரவில்லை. தப்பினைத் தொடும் கை எவருடையது என்பதிலும் மாற்றம் மெல்லவே வந்தது.

பெண்களின் நிலை இதனினும் சிக்கலானது. தேயிலைக் கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்கள். தோட்டத்தின் வருமானம் அவர்களது விரல் நுனியிலே பிறக்கிறது. ஆயினும் மரபான பொட்டலில் ரதி ஆண்மகனே. இது தமிழகத்துக் கூத்துகளுக்கும் மட்டக்களப்பு, யாழ்ப்பாணக் கூத்துகளுக்கும் பொதுவான மரபுதான் என்று அமைதி கூறலாம். காமன் கூத்திலோ இதற்குத் தனிப்பொருள் உண்டு. இக்கூத்தின் உச்சம் ரதி புலம்பல். அப்புலம்பலின் சொல்லமைதி, விளிமுறை, மூச்சு நிறுத்தும் இடம் ஆகியன ஒப்பாரியிலிருந்து பெற்றவை. ஒப்பாரியோ பெண்கள் படைத்து, பெண்கள் காத்து, பெண்கள் பாடிவரும் இலக்கியம். லயத்துக் காம்பிராவில் இறந்தவரைச் சுற்றியமர்ந்து பெண்கள் பாடும்போது அது அழுகை எனப்படுகிறது. பொட்டலிலே ரதி வேடமிட்ட ஆண் பாடும்போது அது கூத்து எனப்படுகிறது. பொட்டலின் ஒரு புறத்தே தலைத்துணியை வாயிற் பொத்தி நின்று விம்மும் பெண்கள், தம்மிடமிருந்து பெறப்பெற்ற ஒன்றைக் கேட்டே அழுகின்றனர். கூட்டுப்படைப்பு என்னும் சொல்லை இக்கூத்துக்கு வழங்குவோர், அக்கூட்டில் பெயர் குறிக்கப்பெறாத பங்காளர் இவர்கள் என்பதை எங்கேனும் ஓரிடத்தில் எழுதியிருத்தல் வேண்டும். எழுதியவர் அரியர்.

பொருட் செலவின் வழியும் நோக்கத்தக்கது. கோயிலுக்கும் திருவிழாவுக்கும் மரண உதவிக்கும் தொழிலாளர் தரும் சந்தா, பல தோட்டங்களிற் சம்பளத்திலேயே கழிக்கப்பட்டு வந்துள்ளது. சலவைத் தொழிலாளிக்கும் நாவிதர்க்கும் உரிய தொகையும் அவ்வாறே கழிந்தது. மக்கள் தமக்குள் ஒருவர்க்கொருவர் உதவும் நிதி, துரையின் கந்தோர் வழியாகச் சென்று மீண்டும் அவர்களிடம் வருகிறது. சம்பளச் சிட்டையில் அது ஒரு கழிவாக, அரிசிக்கும் முற்பணத்துக்கும் இடையே ஓர் எண்ணாக நிற்கிறது. இதில் ஒரு வசதி உண்டு என்பதை மறுக்க முடியாது. தண்டல் செய்யும் வேலை மிச்சம். எனினும் தன் கொடையைத் தன் கையாற் கொடுக்கும் உரிமை ஒருவனுக்கு இல்லையெனில், அக்கொடையின் விழுமியம் சற்று மங்கவே செய்யும். கூத்துக்கு மாத்திரம் இதில் ஒரு விலக்கு உண்டு. வாசலில் ரதியும் மதனும் வந்து நிற்கும்போது தட்டில் இடப்படும் காசு எந்தச் சிட்டையிலும் ஏறுவதில்லை.

முதல் மரியாதை பற்றியும் ஒரு சொல். முற்காலத்திற் பொட்டலின் முதல் மரியாதை பெரிய கங்காணிக்கு உரியதாயிருந்தது. கங்காணியின் பிடி தளர்ந்து தொழிற்சங்கம் வலுப்பெற்ற பின்னர் அது தோட்டத் தலைவருக்குச் சென்றது. ஆள் மாறினான், மரியாதை நின்றது. தொழிற்சங்கம் தோட்டத்தின் பண்பாட்டை மாற்றியதா, பண்பாட்டின் இருக்கையில் தானே சென்று அமர்ந்ததா என்னும் வினாவுக்கு, எந்த அரசியல் நூலைவிடவும் காமன் பொட்டல் தெளிவாக விடை கூறுகிறது.

தோட்ட மக்களின் கூட்டுணர்வு கலையில் மாத்திரம் வெளிப்பட்டு அடங்கிவிட்டது என்று கருதுவோர் உளர். அவர்கள் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவஸ்ஸ தோட்டத்தின் வரலாற்றை அறிதல் வேண்டும். 1940ஆம் ஆண்டு இலங்கைத் தோட்டங்கள் முழுவதும் வேலைநிறுத்தங்களால் அதிர்ந்தது. அவ்வாண்டு தை மாதம் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாராற் சுடப்பட்டு இறந்தார். பின்னர் வேலைநிறுத்த அலை ஊவாவுக்குப் பரவியபோது அதில் லங்கா சமசமாஜக் கட்சியின் கை ஓங்கியிருந்தது. வேவஸ்ஸவில் தொழிலாளர் தமக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிந்தனர். தோட்டத்துரை அச்சபையைக் கலந்தே நடப்பதாக உடன்பட வேண்டியதாயிற்று. ‘சட்டமும் ஒழுங்கும்’ நாட்டுதற்கு வந்த ஆயுதந் தாங்கிய பொலிசாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்தனர் என்று கட்சி வரலாறு கூறும். இறுதியில் பொலிஸ் அடக்குமுறையும், ஒரு வாரத்துக்கு மேலாக ஊவாவை ஏனைய நாட்டிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அவ்வலையை அடக்கின.

இங்கே விழிப்பாக இருத்தல் தேவை. காமன் கூத்தே வேவஸ்ஸ சபையைப் பெற்றது என்று கூறுதல் கவிதைக்கு அழகாகலாம், வரலாற்றுக்கு ஆகாது. சபை என்னும் வடிவமும் கோரிக்கைகளும் கட்சியின் வழியாக வந்தவை. ஆனால் ஒன்று கூறலாம். சம்பளப் பதிவேட்டிற் பெயரும், பிரட்டில் இலக்கமும் தவிர வேறு நிலையற்றவர் என்று கருதப்பெற்ற மனிதர், தமக்குள் வேலையைப் பங்கிடவும், ஒருவரைத் தெரிந்து பொறுப்பை ஒப்படைக்கவும், அவரைக் கேள்வி கேட்கவும் முன்னரே பழகியிருந்தனர். காமன் மாஸ்டரைத் தெரியும் கூட்டத்துக்குச் சபையுறுப்பினரைத் தெரிதல் முற்றிலும் புதிய வித்தையாக இருந்திராது. வேவஸ்ஸவிற்குப் பின் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பான்மையோரை நாடற்றவர் ஆக்கியது. தோட்டத்துக்குள் வாக்களித்துச் சபை அமைத்தவர்கள் நாட்டின் வாக்காளர் இடாப்பில் இல்லாதவராயினர். இம்முரண், மலையக அரசியல் பற்றிய ஆய்வுகளில் இதுவரை பெற்றதிலும் கூடிய இடம் பெறத்தக்கது.

1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேர் பற்றி 1974ஆம் ஆண்டு முடிவு செய்யப்பட்டது. கூத்தாடும் சமூகத்துக்கு இவ்வெண்களின் பொருள் வேறு. ஒரு தோட்டத்தின் ரதி தலைமன்னாரிற் கப்பலேற, மதன் லயத்திலே தங்க நேர்ந்தால் அவ்வாண்டுக் கூத்து யாது? பாடல்கள் ஏட்டிலன்றி ஒருவர் நாவிலே இருந்த தோட்டங்களில் அவர் சென்றபோது பாடலும் சென்றது. நீலகிரியிலும் பிற இடங்களிலும் குடியமர்ந்தோர் அவற்றைக் காத்தனரா என்பது இரு கரையினரும் சேர்ந்து ஆராய வேண்டிய பொருள்.

இனி இலக்கியத்தின் பக்கம் திரும்புதல் தகும். பதுளைப் பகுதித் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டு பிறந்து, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் ஊவாத் தோட்ட வாழ்வை உள்ளிருந்து எழுதியவர். 1974ஆம் ஆண்டு வெளிவந்த ‘காலங்கள் சாவதில்லை’ நாவலும், 1979ஆம் ஆண்டின் ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைத் தொகுதியும் அவரை மலையகத்தின் முதன்மையான புனைகதை ஆசிரியருள் ஒருவராக நிலைநிறுத்தின. 2022ஆம் ஆண்டு அவர் மறையும்வரை மலையக எழுத்தின் வரலாற்றாசிரியராகவும் விளங்கினார். அவரது ‘மீன்கள்’ என்னும் சிறுகதை ஈண்டு தவிர்க்க முடியாதது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் ஓரறைக் காம்பிராவில், வளர்ந்த மக்களோடு படுத்துறங்க நேர்ந்த ஒரு தகப்பன், இருளில் நேர இருந்த ஒரு பெரும் பிழையின் விளிம்பில் உடல் நடுங்கி நிற்கிறான். ஆசிரியர் குரலை உயர்த்துவதில்லை. அறையின் அளவு பேசுகிறது.

‘தோட்டமே குடும்பம்’ என்னும் வாக்கியத்துக்கு இதனினும் கடுமையான விமர்சனம் தமிழில் எழுதப்படவில்லை. நெருக்கம் ஒரு விழுமியம் ஆவதற்கு விலகி நிற்கும் வசதியும் இருத்தல் வேண்டும். கதவைச் சாத்த இயலாதவன் அதனைத் திறந்து வைத்தான் என்று பாராட்டுதல் பொருந்துமா? லயத்து மக்கள் அரிசியும் நெருப்பும் கைமாற்றும் கொடுத்து வாங்கினர், சாவு வீட்டுக்கு அழையாமலே வந்தனர், பேறுகாலத்தில் அயல் காம்பிராப் பெண்கள் துணைநின்றனர் என்பனவெல்லாம் மெய். அவை லயத்தால் விளைந்த பண்புகள் அல்ல. லயத்தையும் மீறி மனிதர் காத்துக்கொண்டவை. இந்த வேறுபாட்டை உணராதபோது, விருந்தோம்பலைப் போற்றுவதாக எண்ணிக் கொண்டு வறுமையைப் போற்றும் பிழை நேர்கிறது. மலையக நாட்டார் வழக்காற்றை ஆராய்வோருட் சிலரிடம் இப்பிழை மிகுதி. பசுமை, பனி, தப்பொலி, ஏழையின் பெருமனம் என்று எழுதிச் செல்லும் அவர்தம் கட்டுரைகளில் மழைக்கு ஒழுகும் தகரக் கூரை மாத்திரம் இடம்பெறுவதில்லை.

இது வெறும் எழுத்துப் பிழையென்று விட்டுவிடுதற்கில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றுதல் வேண்டும் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே, 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும், எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கிடைத்தும் மக்கள் அங்கேயே இருந்தமைக்குக் காரணம் லயத்தின் மீதுள்ள பற்று என்று சிலர் எழுதினர். மாற்று நிலமும் வீடும் இல்லாதவன் இருக்கும் இடத்திலே இருப்பதற்குப் பற்று என்று பெயரிடுதல் எளிது. அக்காலை முதல் வெறுங்கையாலும் மண்வெட்டியாலும் மண்ணைத் தோண்டியவர்களும், பாடசாலைகளில் தங்கியோர்க்குச் சோறாக்கிச் சுமந்தவர்களும் அயல் தோட்டத்தாரே. கூட்டுவாழ்வின் விழுமியத்துக்கு அதுவும் சான்று. அவ்விழுமியத்தின் மீது மட்டும் ஒரு மக்களை வாழவிட்ட அமைப்பின் மீதான குற்றச்சாட்டும் அதுவே.

லயம் நீங்கித் தனி வீடு வருமாயின் கூட்டுவாழ்வும் கூத்தும் அழிந்துவிடும் என்னும் அச்சம் ஆய்வாளர் சிலரிடம் உண்டு. இவ்வச்சம் கலையின் மீதுள்ள அன்பிலிருந்து எழுவதே எனினும், அதன் உள்ளே ஒரு கொடுமை மறைந்திருக்கிறது. ஆய்வாளரின் காட்சிக்காகப் பிறர் ஓரறையில் உறங்க வேண்டும் என்பதே அதன் முடிபு. மேலும் கூத்து நலிவதற்கு வீடு காரணமன்று. வேலை நாட்கள் குறைந்து, தோட்டத்து இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட, பதினைந்து இரவுகள் தொடர்ந்து ஆடுவதற்கு ஆளில்லை. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் லீவெடுத்து வருபவன் மாசிக்கும் வர முடிவதில்லை. வந்தாலும் இறுதி நாளுக்கு மாத்திரம் வருகிறான். பல தோட்டங்களில் இறுதி நாளே கூத்தாகச் சுருங்கியமைக்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

பல்கலைக்கழகங்களின் பங்கினையும் மதிப்பிடுதல் வேண்டும். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினைப் பேராதனை மேடைக்கு ஏற்றினார். 1962ஆம் ஆண்டின் ‘கர்ணன் போர்’ முதலாக அம்முயற்சி ஈழத்துத் தமிழ் அரங்கின் போக்கையே மாற்றியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்று வியப்புக்குரியது. பேராதனையைச் சூழ நின்றவை மலையகத் தோட்டங்கள். மட்டக்களப்பிலிருந்து கூத்து வந்து சேர்ந்த அதே வளாகத்துக்கு, அடுத்த மலையிலிருந்த காமன் கூத்து வந்து சேர நெடுங்காலம் சென்றது. தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த மாணவர் அந்நாளில் மிகச் சிலரே என்பது ஒரு காரணம். தோட்டத்து மக்களைக் கலை படைப்போர் என்று காணும் கண் அந்நாட் கற்றோரிடம் இல்லாதிருந்தமை மற்றொரு காரணம். அக்குறையை ஓரளவு நிறைத்தவர் பல்கலைக்கழகம் சாராத சி. வி. வேலுப்பிள்ளை. 1954ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் தேயிலைத் தோட்டக் கவிதையைத் தந்த அவரே, லயங்களில் வழங்கிய பாடல்களையும் தேடித் தொகுத்தார்.

இக்காலத்தில் நிலை மாறியிருக்கிறது. பல்கலைக்கழகங்களில் மலையக மாணவர் தொகை கூடியுள்ளது. பதுளையிலேயே 2005ஆம் ஆண்டு ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. காமன் கூத்தும் மண்டப மேடைகளைக் கண்டுவிட்டது. ஒரு மணி நேரக் காமன் கூத்தினைக் கண்டு கைதட்டும் அவையினர் அறியாதது, அங்கே வெட்டி நீக்கப்பட்ட பகுதி எது என்பதையே. மேடைக்கு வருவன ஆட்டமும் ஒப்பனையும் எரிப்புமாகும். விடுபடுவன வாசல் தோறும் செல்லும் நடை, காத்திருப்பு, அடி மறந்தபோது கூட்டத்திலிருந்து எழும் குரல், குளிருக்குக் கைமாறிச் செல்லும் தேநீர் என்பன. அதாவது கூட்டு வாழ்வாகிய பகுதி விடுபட்டு, காட்சியாகிய பகுதி எஞ்சுகிறது. அவையில் அமர்ந்திருப்பவர் அடியெடுத்துக் கொடுக்க இயலாதவர். கொடுத்தாலும் அது இடையூறு எனப்படும். மேடையேற்றத்தைக் குறைகூறுதல் இங்குக் கருத்தன்று. தோட்டத்தில் கூத்து நலியும்போது மேடையேனும் அதனை நினைவில் வைத்திருப்பது நன்றே. ஆனால் தப்பிசைக்கத் தோட்டத்திலிருந்து அழைத்து வரப்பெற்றவர், மண்டபத்தின் முன்வரிசையில் அமர்த்தப்பெறுகிறாரா, மேடையின் பின்புறத்திலே சோற்றுப் பொதி கொடுத்து அனுப்பப்பெறுகிறாரா என்பதைக் கொண்டும் அம்மேடையேற்றத்தை அளவிடலாம். நிகழ்ச்சி நிரலில் அவருடைய பெயர் அச்சாகிறதா என்பதும் அவ்வளவே இன்றியமையாதது.

காமன் கூத்துப் பாடல்களைத் தொகுக்கும் பணியும் அங்குமிங்கும் நடைபெறுகிறது. அவற்றிற் பெரும்பாலானவை ஒரு தோட்டத்தின் ஒரு மாஸ்டரிடமிருந்து பெற்ற பாடத்தையே தருவன. பசறையிலே பாடப்படும் ரதி புலம்பலுக்கும் அப்புத்தளையிலே பாடப்படுவதற்கும் வேறுபாடு உளதா, உளதாயின் அது முன்னோர் வந்த ஊரின் வேறுபாடா, இங்கே விளைந்த வேறுபாடா என்பதை ஒப்பிட்டுக் காணும் ஆய்வு தேவை. அவ்வாய்வை மேற்கொள்வோர் ஒலிப்பதிவுக் கருவியுடன் காமன் மாஸ்டரின் காம்பிராவுக்கு மாத்திரம் செல்லாமல், அதே லயத்தில் ஒப்பாரி அறிந்த மூதாட்டியரிடமும், லயக்கோடியிலே தப்பினைத் தீயிற் காய்ச்சி அடி பழக்கும் வீட்டுக்கும் செல்வார்களாயின், ரதியின் சொற்கள் எவ்வழியாற் பொட்டலுக்கு வந்தன என்பது புலப்படும்.